பதினெட்டுக் கட்டங்கள்

புதன்கிழமை மதியம் குடித்த டீ கசந்தது. சர்க்கரை போட மறந்துவிட்டோமோ என்று ராயப்பராஜ் டம்ளரைச் சாய்த்துப் பார்த்தான். கரையாத சர்க்கரை அடியில் கெட்டியாகக் கிடந்தது. விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டான். இனிப்பு தெரிந்தது. ஆனால் தொண்டை தொடங்குகிற இடத்தில், சுண்ணாம்பைத் தின்றது போல ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் போய் நின்று நாக்கை நீட்டினான். நடு நாக்கில், சட்டைப் பொத்தான் அளவுக்கு, ரோஸ் நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது.

தேய்த்தான். பாதி போயிற்று. மீதி விரலில் பொடியாக வந்தது.

அந்த நிறம் அவனுக்குத் தெரியும். உள்ளறைக் கட்டிலில் படுத்திருக்கும் கண்ணுசாமி ஐயாவுக்கு மதியம் இரண்டு மணிக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையின் நிறம் அது. வலிப்பு வராமல் இருப்பதற்கான மாத்திரை. அதை அவர் இன்றைக்கு விழுங்கவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்கமாட்டேன் என்று படுத்துவிட்டார். மூன்று தடவை கெஞ்சிப் பார்த்துவிட்டு, மாத்திரையைக் காகிதத்தில் சுருட்டி ஜன்னல் வழியாகக் கருவேலம் புதருக்குள் எறிந்த பிறகுதான் ராயப்பராஜ் டீ போடவே போனான்.

கையில் ஒட்டியிருந்திருக்கும், கழுவாமல் டீ போட்டிருப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காரணம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னொரு தடவை கண்ணாடியில் நாக்கைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனான்.

அவன் வேடசந்தூர்க்காரன். நூல் மில் வேலை போன பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு வருஷம் வார்டு வேலை பார்த்தான். இப்போது வீட்டோடு தங்கி நோயாளிகளைக் கவனித்துக்கொள்கிற வேலை. ஏஜென்சிக்காரர்கள் திங்கட்கிழமை காலையில் இந்த வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், சனிக்கிழமை வரைக்கும் மட்டும். அதற்கு மேல் ஒரு நாள் கூட இருக்கமாட்டேன் என்று அவன் கறாராகச் சொல்லிவிட்டான். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து அவன் மனைவி சகாயமேரி உண்டாகியிருந்தாள். அடுத்த புதன்கிழமை என்று டாக்டர் தேதி கொடுத்திருந்தார். அந்தக் குழந்தை வரும்போது தான் வாசலில் நிற்கவேண்டும் என்பதைத் தவிர ராயப்பராஜுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை எதுவும் இல்லை.

வீடு சின்னாளபட்டிக்கும் காந்திகிராமத்துக்கும் நடுவில், நான்குவழிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, புதிதாகப் பிளாட் போட்ட பொட்டலில் இருந்தது. நூறு பிளாட்டுக்குக் கல் நட்டிருந்தார்கள். வீடென்று எழும்பியது மூன்று. அதில் இரண்டு பூட்டிக் கிடந்தன. கண்ணுசாமி மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் பேச்சும் போய்விட்டன. மகள் பவித்ரா திண்டுக்கல்லில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். காலை எட்டேகாலுக்கு ஸ்கூட்டியில் கிளம்பினால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் திரும்புவாள். நடுவில் அந்த வீட்டில் மின்விசிறியின் கடகட சத்தமும், தூரத்தில் லாரிகளின் இரைச்சலும், டெட்டால் வாடையும், கட்டிலில் ஒருவரும், ஸ்டூலில் ஒருவனும்.

திங்கட்கிழமை அவள் சொல்லித்தான் போனாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். நல்லா நிமித்தி உக்கார வச்சுக் குடுங்க. ஒவ்வொண்ணாக் குடுங்க. முழுங்குனாரான்னு தொண்டையப் பாருங்க. வாயத் தொறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில, கன்னத்து ஓரமெல்லாம் பாருங்க. எல்லாம் பாத்த பெறகுதான் நோட்டுல கையெழுத்துப் போடணும். சரியாண்ணே?"

"இதெல்லாம் எனக்குத் தெரியாதாம்மா? நாலு வருசம் ஆஸ்பத்திரியில இருந்தவன்" என்றான் அவன்.

நான்கு வருஷ ஆஸ்பத்திரியில் அவன் நன்றாகக் கற்றுக்கொண்டது இன்னொன்று. மருந்துச் சீட்டில் கட்டம் காலியாக இருந்தால் ஏச்சு விழும். நிறைந்திருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதனால் வார்டில் பாதிப் பேர் காலையிலேயே அன்றைய கட்டங்களை எல்லாம் நிரப்பிவிட்டு அப்புறம் நிதானமாக மாத்திரை கொடுக்கப் போவார்கள். ராயப்பராஜ் அவர்களுக்கும் ஒரு படி மேலே. பவித்ராவின் ஸ்கூட்டிச் சத்தம் தேய்ந்ததும் நோட்டைப் பிரித்தான். அவள் ஸ்கேல் வைத்து அழகாகக் கோடு போட்டிருந்தாள். ஆறு நாள், நாளுக்கு மூன்று வேளை, பதினெட்டுக் கட்டம். தினமும் பேனாவைத் தேடுவானேன் என்று பதினெட்டிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டு மூடி வைத்தான்.

அப்போது கண்ணுசாமி தலையைத் திருப்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மெல்ல மேலே போயிற்று. பரவாயில்லை, மனிதர் சிரிக்கிறார் என்று ராயப்பராஜும் பதிலுக்குச் சிரித்தான்.

வியாழக்கிழமை காலையில் பல் தேய்க்கும்போது நுரை சிவப்பாக வந்தது. ஈறு முழுக்கக் கசிந்துகொண்டிருந்தது. எட்டு மணிக்கு, இன்றைக்கு ஒழுங்காகக் கொடுத்துவிடவேண்டும் என்று மனதில் ஒரு வைராக்கியத்தோடு உட்கார்ந்தான். முதுகுக்கு மூன்று தலையணை வைத்து ஐயாவை நிமிர்த்தினான். காலை மாத்திரை நான்கு. பிரஷருக்கு, சர்க்கரைக்கு, ரத்தம் உறையாமல் இருப்பதற்கு, வயிற்றுக்கு. கண்ணுசாமி வாயை இறுக்கிக்கொண்டார்.

"ஐயா, உங்க பொண்ணு வந்தா என்னையத்தான் வையும். செத்தத் தொறங்க."

அவர் அசையவில்லை. ராயப்பராஜ் மாத்திரைகளைப் பொடித்து, சிறுமலை வாழைப்பழம் ஒன்றைப் பிசைந்து, அதில் கலந்து ஸ்பூனில் நீட்டினான். ஆச்சரியமாக, வாய் திறந்தது. பழத்தை வாங்கினார், மென்றார், விழுங்கினார். தொண்டைமணி ஏறி இறங்கியதை இவன் பார்த்தான். நாக்கைத் தூக்கிக் காட்டினார். அடியில் சுத்தமாக இருந்தது. கன்னத்து ஓரங்களும் சுத்தம்.

நிம்மதியாக மூச்சு விட்டபோது ராயப்பராஜின் வாயில் பழத்தின் ருசி வந்தது. புளிப்பும் இனிப்புமாகச் சிறுமலைப் பழம். அவன் அன்றைக்கு இன்னும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பழத்துக்குப் பின்னாலேயே கசப்பு வந்தது. நான்கு விதமான கசப்பு, ஒன்றன் பின் ஒன்றாக. துப்புவதற்கு எழுந்தான். அதற்குள் யாரோ கட்டைவிரலால் அவன் தொண்டையை மேலிருந்து கீழாக ஒரு தடவை தடவிவிட்டது போல இருந்தது. விழுங்காத நோயாளிக்கு அவனே நூறு தடவை அப்படித் தடவிவிட்டிருக்கிறான். அவன் விழுங்கினான்.

ஒன்பது மணிக்கு எழுந்து நின்றபோது கண் இருட்டியது. உள்ளங்கை வேர்த்து நடுங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்குப் போய் சர்க்கரை டப்பாவைத் திறந்து வாயில் கொட்டிக்கொண்டான். செத்த நேரத்தில் நடுக்கம் அடங்கியது. சுகர் இறங்கினால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறான். தனக்குச் சுகர் கிடையாது என்பதும் தெரியும். அன்றைக்குத்தான் முதல்முதலாக அவனுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

நோட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினான். முந்தைய வாரங்களிலெல்லாம் வேறொருவரின் கையெழுத்து. உருண்டையாக, எழுத்து எழுத்தாக, இஞ்ஞாசி என்று முழுப் பெயரும் எழுதியிருந்தது. ஒரு வாரத்தில் ஆறு நாளும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில், ஒரே மூச்சில் போட்டது போல இருந்தது. அந்த வாரத்தோடு இஞ்ஞாசி நின்றுவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து பவித்ராவின் கையெழுத்து.

பதினொரு மணிக்கு ஐயாவுக்கு உடம்பு துடைக்கவேண்டும். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, வலது கையைத் தூக்கி அக்குளுக்குக் கீழே துடைத்தான். கையின் உள்பக்கம் பச்சை குத்தியிருந்தது. பழசு, மங்கியிருந்தது. ஈரம் பட்டதும் கொஞ்சம் தெளிந்தது. ஒரு சிலுவை. அதற்குக் கீழே உருண்டையான எழுத்தில் ஒரு பெயர்.

இஞ்ஞாசி.

சுவரில் பழனி முருகன் காலண்டர் ஆடிக்கொண்டிருந்தது. ராயப்பராஜ் கையைக் கீழே விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தான். கட்டிலில் இருந்தவர் கண்ணை மூடவில்லை. அந்தக் கண்களில் கோபம் இல்லை. இவனைப் பார்த்து வெட்கப்படுவது போல இருந்தது, அதுதான் தாங்கமுடியவில்லை.

மதியம் இரண்டுக்கு ரோஸ் மாத்திரை வேளை வந்தது. அவன் ஸ்ட்ரிப்பைத் தொடக்கூட இல்லை. வாசலில், வெயிலில், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அப்படியும் அது வாய்க்குள் வந்தது.

சாயங்காலம் பவித்ரா வந்து கைப்பையை வைத்துவிட்டு முகம் கழுவினாள். அவள் கண்களுக்குக் கீழே கருத்திருந்தது. ராயப்பராஜ் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"முன்னாடி இருந்த இஞ்ஞாசி... அவரு எங்கம்மா?"

"ஊருக்குப் போயிட்டாருண்ணே. அய்யலூர்ப் பக்கம். பொண்டாட்டி பிள்ளைகளோட நல்லா இருக்காராம், போன் பண்ணுனேன்." அவள் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். "நல்ல மனுசன்தான். என்ன, அவரும் உங்களாட்டம் வாரத்துக்கும் சேத்துக் கையெழுத்துப் போட்டுருவாரு. நோட்டப் பாத்தேன். ஏண்ணே அப்பிடிப் பண்றீங்க?"

"தப்புதாம்மா." அவனுக்கு நாக்குக் குழறியது. "எனக்கு உடம்பு முடியல. நாளைக்கே போறேன்."

பவித்ரா திரும்பி அவனைப் பார்த்தாள். உடனே கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"ரெண்டே நாளுண்ணே. சனிக்கெழம அரை நாளு லீவு சொல்லிட்டேன், மத்தியானமே வந்துருவேன். இன்னும் ஒரு நாளு லீவு எடுத்தா வேலையவே விட்டுப் போகச் சொல்லிருவாங்க. அப்பாவத் தனியா விட்டுட்டு நான் என்ன செய்வேன், சொல்லுங்க?"

அவன் சரி என்றான். எப்படிச் சொல்வது? உங்கள் அப்பாவுக்குக் கொடுக்கிற மாத்திரை என் வாய்க்குள் வருகிறது என்றா? கட்டிலில் இருப்பது உங்கள் அப்பா இல்லை என்றா? சொன்னால் ஏஜென்சிக்குப் போன் போட்டு, ஆள் குடித்திருக்கிறான் என்பாள். அன்றிரவு மேரியிடம் பேசும்போது எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொன்னான். குழந்தை உதைக்கிறது என்றாள் அவள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிவிடுவேன் என்றான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவன் செய்த முதல் வேலை, நோட்டைப் பிரித்து மிச்சமிருந்த கட்டங்களை அடித்தது. வெள்ளி மூன்று, சனி மூன்று. பேனா முனையை அழுத்தி அழுத்தி, கையெழுத்து இருந்ததே தெரியாதபடி, காகிதம் கிழிந்து கீழே இருக்கும் பக்கம் தெரிகிற வரைக்கும் கிறுக்கினான். கட்டிலிலிருந்து அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எட்டு மணி அடித்தது.

நான்கும் வந்தன. இந்தத் தடவை மை வாடையும் சேர்ந்து வந்தது. தடவல். விழுங்கல். அவன் குனிந்து குமட்டிப் பார்த்தான். நீல எச்சில் ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

பத்து மணிக்கு வலது கை விறுவிறுத்தது. பதினொன்றுக்குத் தண்ணீர்ச் செம்பு கையிலிருந்து நழுவியது. அது உருண்டு கட்டிலுக்கு அடியில் போய், எதிலோ தட்டி நின்றது. எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றான். கட்டில் சட்டத்தை ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது. வலது கை. ஏழு மாதமாக அசையாத கை என்று பவித்ரா சொல்லியிருந்த கை. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின, நீண்டன, மடங்கின. பழக்கம் விட்டுப்போன ஒரு வேலையை மறுபடி செய்து பார்ப்பது போல.

கதவு திறந்துதான் இருந்தது. இந்த ஐந்து நாளும் அந்தக் கதவை யாரும் பூட்டவே இல்லை. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு தோட்டத்தில் மல்லிகை பறித்து மூட்டை கட்டுகிற வாசனை காற்றில் வந்தது. மில் பஸ் ஒன்று நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. இப்போதே போய்விடலாம் என்று நினைத்தான். போனால் படுக்கையில் கிடப்பவரை அப்படியே விட்டுப் போனவன் என்று பெயர் வரும். பவித்ராவின் கலங்கிய கண் நினைவுக்கு வந்தது. நாளைக் காலை, அவள் கிளம்பின கையோடு. இன்னும் மூன்று வேளைதான்.

அந்த முடிவை நினைத்து வருந்த அவனுக்குப் பிற்பாடு நிறைய நேரம் இருந்தது.

சனிக்கிழமை காலை பவித்ரா போனதும் பையை எடுத்தான். முந்தின நாள் துவைத்துக் கொடியில் போட்ட சட்டையை எடுக்கவில்லை. இடது கையில் பை. வலது கை தொங்கியது. கட்டிலைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டான். பார்க்கவும் இல்லை. பின்னால் கட்டில் கிறீச்சிட்டது, யாரோ எழுந்து உட்காருவது போல.

வாசற்படி. கேட். மண் ரோடு.

சாலைக்கு அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. திங்கட்கிழமை ஐந்து நிமிடத்தில் நடந்து வந்த தூரம். வலது கால் பின்தங்கியது. செருப்பு மண்ணை இழுத்துக்கொண்டே வந்தது. எட்டு மணி மாத்திரைகள் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தன. வேர்வை. நடுக்கம். பிளாட் கற்கள் இரண்டு பக்கமும் வெள்ளையாக வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. எண்ணிக்கொண்டு நடந்தான். இருபத்தேழாவது கல்லில் உட்கார்ந்தான். எழுந்தான். முப்பத்தொன்றாவது கல்லில் மறுபடி உட்கார்ந்தான். எழ முடியவில்லை.

சாலை தெரிந்தது. பஸ்கள் போவது தெரிந்தது. கையைத் தூக்கிக் காட்டினான். இவ்வளவு தள்ளி, முள்ளுக்கு நடுவில், யாருக்குத் தெரியப்போகிறது?

இடது கையால் போனை எடுத்து மேரிக்கு அடித்தான்.

"சொல்லுங்க, கிளம்பிட்டீங்களா?"

மேரி, வந்து என்னைக் கூட்டிப் போ என்று சொன்னான். அவன் காதில் விழுந்தது வேறு. ஏதோ ஒரு கிழவர், வாயில் எச்சில் நிறைய, ம்ம்ம் என்று இழுக்கிற சத்தம்.

"ஹலோ? யாரு? அவருகிட்ட போனக் குடுங்க."

மேரி. மேரி. மேரி.

"யோவ், யாருய்யா நீ? அவரு போன வச்சுக்கிட்டு என்ன பண்ற?" போன் கட்டாயிற்று.

அவன் அழுதான். வலது கண்ணில் மட்டும் தண்ணீர் தானாக வழிந்துகொண்டே இருந்தது, அதை நிறுத்த முடியவில்லை. வெயில் ஏறியது. நிழல் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஸ்கூட்டிச் சத்தம் கேட்டபோது உயிர் வந்தது. பவித்ரா! அரை நாள் லீவு. அவளிடம் காலில் விழுந்தாவது சொல்லிவிடவேண்டும். வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள் அவள். மண்டியிட்டாள். துப்பட்டாவால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"அப்பா! அப்பா, எப்பிடிப்பா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

அவன் தலையை ஆட்டினான்.

"அண்ணன் பைய எதுக்குப்பா எடுத்துட்டு வந்தீங்க? அந்தாளு எங்க போனாரு, உங்கள விட்டுட்டு?"

தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். அவள் அதை நடுக்கம் என்று நினைத்து இறுக அணைத்துக்கொண்டாள். அவளுக்கு அவ்வளவு பிரியம். கெட்டவளாக இருந்தால்கூடத் தள்ளிவிட்டிருக்கலாம். சாலை வரைக்கும் ஓடிப் போய் ஓர் ஆட்டோவைக் கூட்டி வந்தாள். டிரைவரும் அவளுமாக அவனைத் தூக்கி வைத்தார்கள். பெரியவரே, பாத்து, பாத்து என்றார் டிரைவர். அவனுக்கு முப்பத்தாறு வயது.

வீட்டு வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நேராக, இரண்டு காலையும் ஊன்றி. கொடியில் காய்ந்த சட்டையைப் போட்டிருந்தார். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

"மன்னிச்சிரும்மா" என்றார் பவித்ராவிடம். "செத்தக் கண்ணசந்துட்டேன். எழுந்து பாத்தா ஐயாவக் காணோம். தேடிக்கிட்டு அந்தப் பக்கமாப் போயிட்டேன்."

அது ராயப்பராஜின் குரல். வேடசந்தூர் இழுப்பு உட்பட.

கட்டில். மூன்று தலையணை. மெத்தையில் ஒரு ஆள் உருவத்துக்குப் பள்ளம். அதற்குள் அவன் உடம்பு சரியாகப் பொருந்தியது. முருகன் காலண்டர். மின்விசிறி. பவித்ரா கஞ்சி வைக்கப் போய்விட்டாள். அறையில் இரண்டே பேர்.

இரண்டு மணி.

அந்த ஆள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பெயரைப் படித்தார். கிழிந்த நோட்டைப் பார்த்து வேளையைச் சரிபார்த்தார். ஒரே ஒரு ரோஸ் மாத்திரையை உடைத்து எடுத்தார். அவனுடைய தலைக்குப் பின்னால் கை கொடுத்து, பக்குவமாக நிமிர்த்தினார். ராயப்பராஜ் பல்லைக் கடித்தான். அவர் அவசரப்படவில்லை.

"அப்பு" என்றார் மெல்லிய குரலில். இப்போது அது வேறு குரல், வயசான, நைந்துபோன ஒரு குரல். "அய்யலூர்ல எங்க வீட்டுல இப்ப வேற ஒருத்தன் இருக்கான். எம் பிள்ளைக அவனத்தான் அப்பாங்குதுக. நான் எங்க போறது, நீயே சொல்லு?"

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கட்டைவிரலால் தாடையின் மூலையை லேசாக அழுத்தினார். வாய் திறந்தது. மாத்திரை. ஒரு ஸ்பூன் தண்ணீர். கட்டைவிரல் தொண்டையில் மேலிருந்து கீழே வந்தது.

"ஆ காட்டுங்க."

காட்டினான். காட்டக் கூடாது என்று நினைக்க நினைக்கக் காட்டினான். நாக்குக்கு அடியில் பார்த்தார். இந்தக் கன்னம், அந்தக் கன்னம் பார்த்தார். அப்புறம்தான் நோட்டை மடியில் வைத்து, வலது கையால் பேனாவைத் திறந்து, கிறுக்கிய கட்டத்துக்குப் பக்கத்தில், அந்த ஒரே ஒரு வேளைக்கு மட்டும் கையெழுத்துப் போட்டார்.

படுக்கையில் கிடந்த போன் அடித்தது. அவர் எடுத்து, ஸ்பீக்கரைத் தட்டி, பக்கத்தில் வைத்துக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"என்னங்க, உங்களுக்கு ஒண்ணுமில்லையே?" மேரி மூச்சுவாங்கப் பேசினாள்.

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன், புள்ள."

"அப்பாடா. இப்பத்தாங்க உசுரு வந்துச்சு. காலையில உங்க போன்ல எவனோ ஒரு கெழவன் பேசுனான். பயந்தே போயிட்டேன். வயித்துல உள்ளதுகூட அசையாம நின்னுருச்சு."

"ஐயா தெரியாம அமுக்கிருப்பாரு. விடு."

"எப்ப வாரீங்க?"

ராயப்பராஜ் கத்தினான். உடம்பில் மிச்சமிருந்ததை எல்லாம் திரட்டி அவள் பெயரைக் கத்தினான். ம்ம்ம் என்றது வாய்.

"அது என்ன சத்தம்?" என்றாள் மேரி.

"ஐயாதான். நான் கிளம்புறேன்னு தெரிஞ்சுபோச்சு போல, அழுகுறாரு. இந்தா, வாரேன். ராத்திரிச் சோத்துக்கு வீட்டுல இருப்பேன்."

பவித்ரா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து, வழியனுப்ப வாசல் வரைக்கும் போனாள். குழந்தை பிறந்ததும் போன் பண்ணுங்கண்ணே என்று சொல்வது கேட்டது. கேட் திறந்து மூடியது. ஜன்னல் வழியாக மண் ரோடு முழுக்கத் தெரிந்தது. அந்த ஆள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கால் இழுக்காமல், திரும்பிப் பார்க்காமல், வெள்ளைக் கற்களுக்கு நடுவில் நடந்து போனார். போகப் போக முதுகு நிமிர்ந்தது. தலைமுடி கருத்துக்கொண்டே போனது போல இருந்தது. சாலையோரம் நின்று கையைக் காட்டினார். திண்டுக்கல் பஸ் உடனே நின்றது. படியில் ஏறும்போது, அவ்வளவு தூரத்திலும் தெளிவாகத் தெரிந்த முகத்தை ராயப்பராஜ் தினமும் காலையில் கண்ணாடியில் பார்த்திருக்கிறான். அது சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

"தூசி வருதுப்பா" என்று பவித்ரா ஜன்னலைச் சாத்தினாள்.